காளைக்கண்ணா, நடுப்பொட்டா?

போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போயிருந்தேன். பலூன் சுடும் கடையில் ஏர்கன்னைப் பிடித்திருந்த பையனிடம் கடைக்காரர், "குறி பாத்து அடி கண்ணு, கை ஆடாமப் பாத்துக்க" என்றார். அடுத்த வாரம் வில்வித்தைப் போட்டி ஒன்றின் அறிவிப்புத் தாள் கைக்கு வந்தது. "காளையின் கண்ணில் எய்தால் 10 மதிப்பெண்" என்று அச்சடித்திருந்தார்கள். செய்தியில், வர்ணனையில், படத்தின் அடியில் ஓடும் வரியில் என்று இந்தக் காளைக்கண்ணை எத்தனை முறைதான் பொறுத்துக்கொள்வது?

இவர்கள் சொல்லுக்குச் சொல் 'காளையின் கண்' என்று பெயர்த்த 'புல்ஸ் ஐ' (bull's eye) என்பது ஆங்கிலத்தில் வட்டமான பல பொருள்களுக்குப் பெயர். மிட்டாய்க்கு உண்டு, கப்பலின் கண்ணாடிக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் குறிப்பலகையின் நடு வட்டத்துக்கும் அது ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

"மூலத்தில் இருப்பதைத்தானே எழுதினோம், காங்கேயம் காளைக்குக் கண்ணைச் சுற்றிக் கருவளையம் இருக்கிறதே" என்று இதற்கு வக்காலத்து வாங்குபவர்கள் உண்டு. கருவளையம் இருப்பது உண்மை. ஆனால் பட்டிப்பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசிக் கும்பிடுகிற ஊரில் "காளையின் கண்ணில் அடி" என்றால் கேட்பவர் மனதில் வட்டமா வரும்? கண் போன மாடுதான் வரும். சரி, மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? ஜெர்மன்காரர் "கருப்பில் அடித்தான்" என்கிறார். பிரெஞ்சுக்காரர் "ஆயிரத்தில் போட்டான்" என்கிறார். அவர்கள் காளையை இரவல் வாங்கவில்லை. நமக்கு மட்டும் என்ன கட்டாயம்?

இதைவிடப் பெரிய குறை, அந்தச் சொல் விளையாட்டையே குழப்புகிறது. 10 மீட்டர் தொலைவில் நின்று ஏர்ரைஃபிளால் சுடும் குறியட்டையில் கருவட்டம் 30.5 மி.மீ. அகலம். முழு 10 புள்ளி தரும் நடுப்பொட்டு வெறும் 0.5 மி.மீ., பேனா முனையை வைத்து எடுத்த அளவு. நிற்கும் இடத்திலிருந்து அது கண்ணுக்கே தெரியாது. சுடுபவர் கருவட்டத்தைத் துப்பாக்கி முனையில் உள்ள முன்வளையத்துக்குள் நிறுத்தித்தான் குறி பார்க்கிறார். பிஸ்டலில் பலர் கருவட்டத்துக்குக் கீழே, வெள்ளையில் குறி வைப்பார்கள். குண்டு மேலே நடுவில் போய் விழும்படி கருவியைத் திருத்தி வைத்திருப்பார்கள். குறி பார்க்கும் இடம் ஒன்று, புள்ளி கிடைக்கும் இடம் வேறு. இதில் எது உங்கள் காளைக்கண்? வில்வித்தையிலோ 70 மீட்டர் தொலைவில் 122 செ.மீ. பலகை, நடுவில் மஞ்சள், 10 புள்ளிக்கான வட்டம் 12.2 செ.மீ. அங்கே நடுவில் கருப்பே கிடையாது. குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த பழைய போட்டிகளில் புள்ளி கணக்கும் கிடையாது. நடுவிலிருந்து ஒவ்வொரு துளைக்கும் நூல் பிடித்து அளந்து கூட்டுவார்கள்; யாருடைய நூல் குட்டையோ அவரே வென்றவர்.

அதனால் எனக்கு வேண்டியது இரண்டு சொல். குறி பார்க்கும் கருப்புக்குக் கருவட்டம், முழுப் புள்ளி தரும் இடத்துக்கு நடுப்பொட்டு. பொட்டு என்றால் சின்னது, வட்டமானது, நடுவில் இருப்பது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

'இலக்கு மையம்' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். இலக்கு வடமொழி லட்சியத்தின் உறவு. அதோடு இன்று அது வசூல் இலக்கு, விற்பனை இலக்கு என்று ஆபீஸ் சொல்லாகிவிட்டது. 'குறி'க்கு வேறொரு பொருளும் உண்டே என்று கூசுகிறவர்கள், குறி பார், குறி வை, குறி தப்பியது என்று சொல்லிப் பார்க்கட்டும். யாருக்கும் வேறு நினைப்பு வராது. உண்டிவில் பிடித்த பிள்ளைகள் நாள் முழுக்கச் சொல்லும் சொல் அது. வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை பக்கத்தில் இருக்க, எய்வதற்கும் தப்புவதற்கும் நாம் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. யானைமேல் எறிந்து தவறிய வேலை வள்ளுவர் 'பிழைத்த வேல்' என்கிறார். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கும் முன் ஒரு தடவை சந்தைக் கடையில் காது கொடுத்துக் கேட்கலாம்.

அந்த 'மதிப்பெண்'ணும் எனக்கு ஒப்பவில்லை. அது பரீட்சைக்கு, விளையாட்டுக்குப் புள்ளி. போட்டி நடத்தும் தம்பிகளிடம் அடுத்த தாளில், "நடுப்பொட்டில் 10 புள்ளி, அம்பு கோட்டைத் தொட்டால் உள்வட்டத்தின் புள்ளி" என்று போடச் சொல்லியிருக்கிறேன்.