பழைய மெத்தையை எங்கே போடுவது? விதி சொல்வதும் சொல்லாததும்

எங்கள் ஆச்சி இறந்து பதினாறு முடிந்ததும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, அவர்கள் படுத்திருந்த மெத்தையை என்ன செய்வது என்பதுதான். "ஆத்தங்கரையில கொண்டு போட்டுருய்யா, எல்லாரும் அங்கதான போடுதாவ" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் படுக்கை என்றால் பத்தமடைக் கோரைப்பாய், வசதி இருந்தால் இலவம் பஞ்சு மெத்தை. இரண்டும் மண்ணோடு மண்ணாகப் போய்விடும்.

இது அப்படிப்பட்ட மெத்தை இல்லை. ஒரு மூலையில் தையலைப் பிரித்துப் பார்த்தேன். மேலே மஞ்சள் ஃபோம். நடுவில் கலர் கலரான துண்டுகளை அழுத்தி ஒட்டிய ரீபாண்டட் ஃபோம். அடியில் ரப்பர் பால் சேர்த்த தென்னைநார். மூன்றையும் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், கையால் பிரிக்க வரவில்லை. தாமிரபரணியில் போட்டால் படித்துறை ஓரம் வருடக்கணக்கில் ஊறிக் கிடக்கும். எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கிளம்பும். இரண்டும் ஆளைக் கொல்லக்கூடிய வாயுக்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தெரு, பொது இடம், சாக்கடை, நீர்நிலை எதிலும் குப்பையை வீசவோ எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகச் சொல்லின. அவற்றுக்குப் பதிலாக வந்த புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தவை. ஈரக் குப்பை, உலர் குப்பை, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என்று வீட்டிலேயே நான்காகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கின்றன. ஃபோம், துணி, ஸ்பிரிங் கம்பி எல்லாம் உலர் குப்பைதான். அப்படிப் பிரித்துக் கொடுப்பது நம் கடமை, வாங்கிக்கொண்டு போவது மாநகராட்சியின், நகராட்சியின் கடமை. பாளையங்கோட்டைக்காரருக்கும் அம்பாசமுத்திரத்துக்காரருக்கும் இது ஒன்றுதான்.

வாங்கிக்கொண்டு போய் திருநெல்வேலி மாநகராட்சியின் ராமையன்பட்டி குப்பைக் கிடங்கில் கொட்டினாலும் விஷயம் முடியவில்லை. மெத்தை மற்ற குப்பையைப் போல அமுங்காது. உள்ளே காற்றை வைத்துக்கொண்டு இடத்தை அடைக்கும். ஸ்பிரிங் கம்பி இயந்திரத்தில் சிக்கும். தீப்பிடித்தால் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். மறுசுழற்சிக்கு ஆகாத குப்பையாகவே இருந்தாலும், கிலோவுக்கு 1500 கிலோகலோரியும் அதற்கு மேலும் எரிதிறன் (எரியும்போது தரும் வெப்பம்) இருந்தால் அதைக் கிடங்கில் போடக்கூடாது, எரிசக்திக்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2016 விதிகளே சொல்லியிருந்தன. ஃபோமின் எரிதிறன் இந்த அளவைத் தாராளமாகத் தாண்டும். இப்படிப்பட்ட குப்பையைச் சிமெண்ட் சூளையில் எரிபொருளாகப் போடலாம். பக்கத்துத் தாழையூத்திலேயே சிமெண்ட் ஆலையை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இது ஏட்டு விதியாகத் தோன்றக் கூடாது.

அதற்கும் முந்தி மறுசுழற்சி இருக்கிறது. ஸ்பிரிங் உருக்குக்குப் போகும், பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்காரர்களே எடுத்துக்கொள்வார்கள். ஃபோமைத் துண்டாக்கி மறுபடி ரீபாண்டட் ஃபோம் ஆக்கலாம். ஆச்சி மெத்தையின் நடு அடுக்கே அப்படி வந்ததுதானே. இடைஞ்சல் எங்கே என்றால், மெத்தையைப் பிரிக்கவும் வண்டியில் ஏற்றவும் ஆகும் கூலியை யார் கொடுப்பது என்பதில்தான்.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மெத்தை தயாரிப்பாளர்களின் சங்கமே முன்வந்தது. கனெக்டிகட், ரோட் ஐலண்ட், கலிஃபோர்னியா ஆகிய மூன்று மாநிலங்களில் 2013-இலும், ஆரிகனில் 2022-இலும் சட்டம் வந்தது. புது மெத்தை விற்கும்போதே பில்லில் ஒரு மறுசுழற்சிக் கட்டணம் சேரும். கனெக்டிகட்டில் தொடக்கத்தில் அது 9 டாலர். அந்தப் பணத்தில் தொழில்துறை அமைத்த மறுசுழற்சி மன்றம் பழைய மெத்தைகளைச் சேகரித்துப் பிரிக்க ஏற்பாடு செய்கிறது. சேகரிப்பு மையத்தில் கொண்டுபோய்க் கொடுப்பவருக்குச் செலவில்லை. ஊருக்கு ஒரு விதி வந்து அல்லாடுவதைவிட, எல்லாக் கடைக்கும் ஒரே கட்டணம் என்பது வியாபாரிகளுக்கும் நல்லதுதான்.

நம் நாட்டில் டயர், பேட்டரி, மின்னணுச் சாதனம், பிளாஸ்டிக் பொட்டலம் ஆகியவற்றைத் தயாரிப்பவர்கள் அவற்றின் கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மெத்தைக்கு அப்படி இல்லை. இதுதான் பெரிய ஓட்டை என்பேன். தயாரிப்பாளர் சங்கங்களே இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அதுவரை உள்ளூரில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரில் சனிக்கிழமைதோறும் பழைய சோபா, மெத்தை, துணி போன்றவற்றை வீட்டுக்கே வந்து எடுக்கத் தொடங்கியது. அதையே இங்கேயும் கேட்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்க யாருடைய சிபாரிசும் வேண்டாம்.

கொடுக்கும்வரை மெத்தையை நனையவிடாதீர்கள். நனைந்து பூஞ்சை பிடித்ததையும் மூட்டைப்பூச்சி ஏறியதையும் மறுசுழற்சிக்கு எடுக்கமாட்டார்கள்.

ஆச்சியின் இலவம் பஞ்சுத் தலையணையை வெயிலில் காயவைத்து, பஞ்சு அடிப்பவரிடம் கொடுத்து, புது உறை தைத்தாயிற்று. மெத்தை இன்னும் மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. என் மனுவில் இரண்டே வரிதான்: மாதம் ஒரு நாளாவது, 55 வார்டுகளிலும், பழைய மெத்தைகளைத் தனி வண்டியில் எடுக்க வேண்டும், எடுத்ததைக் கிடங்குக்கு அனுப்பாமல் பிரிக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.