தாங்கல் கரைசல்: சொல் விளக்கம்

ஆய்வகப் பேச்சில் பஃபர் என்று வருவதைத்தான் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தாங்கல் கரைசல் என்கின்றன. கொஞ்சம் அமிலமோ காரமோ வந்து சேர்ந்தாலும் தன் பிஎச் மதிப்பை, அதாவது அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் எண்ணை, எளிதில் விட்டுக்கொடுக்காத கரைசல் அது. பெரும்பாலும் ஒரு வலிமை குறைந்த அமிலமும் அதன் உப்பும் சேர்ந்து இருக்கும்.

ஒரு லிட்டர் தூய நீரில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரே ஒரு மில்லிலிட்டர் விட்டுப் பாருங்கள். பிஎச் 7-லிருந்து 3-க்கு விழுந்துவிடும். அதே ஒரு மில்லிலிட்டரை, அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் லிட்டருக்கு 0.1 மோல் வீதம் கரைந்திருக்கும் கரைசலில் விட்டால் 4.76 என்பது 4.75 ஆகும், அவ்வளவுதான். வந்த ஹைட்ரஜன் அயனிகளை அசிட்டேட் அயனிகள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. காரம் வந்தால் அசிட்டிக் அமிலம் முன்வந்து அதைச் சமாளிக்கிறது.

ஆங்கிலத்தில் பஃப் என்பது மெத்தென்ற ஒன்றின் மேல் அடி விழும்போது எழும் ஓசையிலிருந்து பிறந்த சொல். நம் 'பொத்' மாதிரி. ரயில் பெட்டிகளின் முனையில் மோதலை வாங்கிக்கொள்ளும் அமைப்புக்கும் பஃபர் என்றுதான் பெயர். வேதியியலுக்கு இந்த உவமை பிரெஞ்சு வழியாக வந்தது. 1900-இல் ஃபெர்ன்பாக், ஹூபர்ட் என்ற இருவர் முளைகட்டிய தானியத்தின் நொதிகளை ஆராய்ந்தபோது, அமிலத்தின் தாக்கத்தை பாஸ்பேட்டுகள் மட்டுப்படுத்துவதைப் பார்த்து அதைத் 'தாம்போன்' என்பதோடு ஒப்பிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு அடைப்பு, திண்டு என்ற பொருள்களோடு ரயில் பெட்டியின் மோதல்தாங்கி என்ற பொருளும் உண்டு. 1909-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த வேதியியலாளர் சோரன்சன், நொதிகளைப் பற்றிய தம் கட்டுரையில் இதையே ஜெர்மனில் 'புஃபர்' என்று எழுதினார். பிஎச் என்ற அளவையும் அவர் அறிமுகப்படுத்தியது அதே ஆண்டில்தான். அளக்கும் கோலும், அளவைக் காத்து நிற்கும் கரைசலும் ஒரே ஆய்வில் கைகோத்து வந்தன என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பிஎச்சுக்குத் தமிழில் காரகாடித்தன்மைச் சுட்டெண் என்ற சொல்லாக்கம் இருக்கிறது. காடி என்றால் புளித்த நீர். பொருள் துல்லியம்தான், ஆனால் நாளுக்கு நாற்பது முறை சொல்ல வேண்டிய இடத்தில் வாய் பிஎச் என்றே பழகிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

தாங்கல் அப்படி அல்ல. புழக்கத்திலேயே இருக்க வேண்டிய சொல். தாங்கு என்ற வினையோடு அல் விகுதி சேர்ந்து வந்தது. சேர்த்து எழுதினால் தாங்கற்கரைசல். தாங்குதல் என்றால் சுமத்தல், பொறுத்தல், விழாமல் பிடித்தல். இடிதாங்கி, சுமைதாங்கி எல்லாம் இந்தக் குடும்பம். மழைநீரைத் தேக்கி வைக்கும் சிறிய ஏரிக்கும் தாங்கல் என்று பெயர் உண்டு. வருவதை வாங்கி வைத்துக்கொள்வது என்ற அந்தப் பொருள் நம் கரைசலுக்கு அப்படியே பொருந்துகிறது. கணினித் துறையில் பஃபருக்கு இடையகம் என்கிறார்கள். அங்கே அது சரி, ஏனென்றால் அது தரவை அனுப்பும் பக்கத்துக்கும் வாங்கும் பக்கத்துக்கும் இடையில் தரவு தங்கும் இடம். கரைசலுக்கு அந்தச் சொல்லை எடுத்து ஒட்டக்கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. தாங்குகிறவன் அசையவே மாட்டான் என்று யாரும் சொல்வதில்லை. சுமை ஏறினால் தோள் கொஞ்சம் இறங்கும். இதற்கு 'மாறாக் கரைசல்' என்று யாராவது பெயர் வைத்திருந்தால், பிஎச் எப்போதும் மாறாது என்ற தவறான நம்பிக்கை வளர்ந்திருக்கும். அந்த நம்பிக்கை முதலில் உடைவது வெப்பநிலையில்தான்.

தாங்கல் கரைசல் தாங்குவது அமிலத்தையும் காரத்தையும். வெப்பத்தை அல்ல. அமிலம் தன் ஹைட்ரஜன் அயனியைக் கழற்றிவிடுவது ஒரு சமநிலை வினை. அதற்கு வெப்பம் தேவைப்பட்டால், சூடேற்றும்போது சமநிலை அந்தப் பக்கம் நகர்ந்து பிஎச் குறையும். எவ்வளவு குறையும் என்பது கரைசலுக்குக் கரைசல் வேறுபடும். பிஎச் அளக்கும் மீட்டரைச் சரிபார்க்கப் பயன்படும், மதிப்பு முன்பே தெரிந்த மூன்று திட்டக் கரைசல்களையே எடுத்துக்கொள்வோம். தாலேட் கரைசல் 10 டிகிரி செல்சியஸில் 4.00, 25-இல் 4.01, 50-இல் 4.06, கிட்டத்தட்ட நகரவில்லை. பாஸ்பேட் அதே வரிசையில் 6.92, 6.86, 6.83. போராக்ஸ் 9.33, 9.18, 9.01. தூய நீரே 25 டிகிரியில் 7.00 என்றும் 50 டிகிரியில் ஏறக்குறைய 6.63 என்றும் காட்டும். அதனால் சூடான நீர் அமிலமாகிவிட்டது என்று பொருள் இல்லை. நடுநிலைப் புள்ளியே கீழே நகர்ந்திருக்கிறது.

இந்த விஷயத்தில் பலரைக் குழப்புவது டிரிஸ். உயிர்வேதியியலில் தினமும் புழங்கும் தாங்கல் கரைசல். 25 டிகிரியில் அமிலம் சொட்டுச்சொட்டாக விட்டு, மீட்டர் 8.0 காட்டியதும் நிறுத்துகிறோம். புட்டியில் 8.0 என்று எழுதிக் குளிர் அறையில் வைக்கிறோம். மறுநாள் 4 டிகிரியிலேயே அளந்தால் 8.6-ஐ ஒட்டி நிற்கிறது. உடனே மீட்டரின் மின்முனை, அதாவது கரைசலில் தோய்க்கும் பகுதி, கெட்டுவிட்டது என்று அதைக் கழுவத் தொடங்குகிறோம். மின்முனையில் கோளாறு இல்லை. கரைசலின் பிஎச் உண்மையிலேயே ஏறியிருக்கிறது.

சரி, மீட்டரில்தான் தானியங்கி வெப்பநிலை ஈடு இருக்கிறதே என்று கேட்கலாம். அது ஈடுசெய்வது மின்முனையின் கணக்கை மட்டும். கண்ணாடி மின்முனை ஒரு பிஎச் அலகுக்கு 25 டிகிரியில் 59.16 மில்லிவோல்ட் தரும். 0 டிகிரியில் 54.20, 37 டிகிரியில் 61.54. இந்த வேறுபாட்டைக் கருவி பார்த்துக்கொள்கிறது. கரைசலுக்குள் நகர்ந்த சமநிலையைத் திருப்பி 25 டிகிரிக்குக் கொண்டுவருவது அதன் வேலை இல்லை. 37 டிகிரியில் அளந்தால் அது காட்டுவது 37 டிகிரியின் பிஎச்.

அளவுதிருத்தத்திலும் இதே கவனம் வேண்டும். போராக்ஸ் கரைசல் 10 டிகிரியில் இருக்கும்போது மீட்டரை 9.18-க்கு வைத்தால், அந்த இடத்திலேயே 0.15 பிழை ஏறிவிடுகிறது. திட்டக் கரைசல் புட்டிகளில் வெப்பநிலை வாரியாக அட்டவணை அச்சிட்டிருப்பது இதற்காகத்தான். சில மீட்டர்கள் அந்த அட்டவணையை நினைவில் வைத்திருக்கும். ஆனாலும் அதில் தேர்ந்தெடுத்த கரைசலும் கையில் இருக்கும் கரைசலும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, கூடவே தெரிந்திருக்க வேண்டிய சொல் வெப்பநிலைக் குணகம். ஒரு டிகிரிக்கு பிஎச் எவ்வளவு மாறுகிறது என்ற எண் அது. பாஸ்பேட்டுக்கு ஏறத்தாழ –0.0028, டிரிஸுக்கு ஏறத்தாழ –0.028; பத்து மடங்கு. ஆகவே 37 டிகிரியில் 7.4 வேண்டுமென்றால் டிரிஸ் கரைசலை 25 டிகிரியில் 7.74-ஐ ஒட்டி நிறுத்தி, 37 டிகிரிக்குக் கொண்டுபோய் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, இரண்டு மதிப்புகளையும் அதனதன் வெப்பநிலையோடு புட்டியில் எழுத வேண்டும்.