டிங்கி கிட்டில் தெரியும் சிவப்புக் கோடு, தங்கம்

போன மாதம் மாமாவுக்கு விடாத காய்ச்சல். பட்டர்வொர்த்தில் வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன பிளாஸ்டிக் கிட்டில் விட்டார்கள், கால் மணி நேரத்தில் இரண்டு சிவப்புக் கோடுகள். டிங்கி. "அந்தச் சிவப்பு என் ரத்தமா, மாப்பிள்ளை?" என்று அந்தக் காய்ச்சலிலும் கேட்டார். "இல்லை மாமா, தங்கம்" என்றேன். நம்பவில்லை.

பெரும்பாலான கிட்களில் அது தங்கம்தான், அடகுக் கடைக்குத் தேறாது, அவ்வளவே. ஒரு துகள் சுமார் 40 நானோமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் 2000 துகள்களை வரிசையாக அடுக்கிவிடலாம். அவ்வளவு சிறிதானதும் தங்கத்தின் மஞ்சள் போய்விடுகிறது. துகளில் உள்ள எலக்ட்ரான்கள் ஒளி பட்டதும் மொத்தமாக ஊசலாடிப் பச்சை ஒளியை விழுங்கிவிடுவதால், நம் கண்ணுக்கு மிஞ்சுவது சிவப்பு. மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இந்தச் சிவப்புத் தங்கக் கரைசலை ஆராய்ந்து எழுதிவிட்டார்.

டிங்கி கிருமி ரத்தத்தில் கக்கும் என்.எஸ்.1 என்ற புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை இந்தத் துகள்கள்மேல் ஒட்டி வைத்திருப்பார்கள். ரத்தம் ஊறி நகரும்போது துகள் புரதத்தைப் பிடித்துக்கொண்டே போகும், வழியில் கோடாகப் பூசிய இன்னொரு ஆன்டிபாடி அதே புரதத்தை மறுபக்கம் பிடித்து நிறுத்திவிடும். ஒரு துகள் கண்ணுக்குத் தெரியாது, கோடிக்கணக்கில் குவிந்தால் கோடு. இரண்டாவது கோடு, கிட் ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கு மட்டும்.

பயோசென்சர் என்றாலே இந்த இரண்டு வேலைதான், ஆளை அடையாளம் காண ஒன்று, கண்டதை நமக்குச் சொல்ல ஒன்று. அதில் நானோ அளவுப் பொருள் வேலை செய்தால் நானோபயோசென்சர். எல்லாவற்றுக்கும் நானோ தேவையும் இல்லை. இனிப்புநீர்க்காரர்கள் வீட்டில் வைத்திருக்கும் சர்க்கரை அளக்கும் கருவிக்கு மூலமான என்சைம் மின்முனையை லீலண்ட் கிளார்க்கும் லயன்ஸும் 1962-இல் விவரித்தபோது நானோ பற்றிய பேச்சே இல்லை. ஒரு லிட்டர் ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய ஒரு கிராம் கிடக்கிறது, தேட வேண்டியதே இல்லை.

மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் என்ற புரதம் அப்படியில்லை. அதன் ஒரு வகைக்கு எச்சரிக்கை எல்லை லிட்டருக்கு 14 நானோகிராம், அதாவது ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் ஒன்றரை அரிசியைக் கரைத்த மாதிரி. பெரிய ஆஸ்பத்திரி லேப் இயந்திரங்கள் இதை அளந்துவிடும். கையடக்கக் கருவியில் அளக்கத்தான் நானோகம்பியை நம்புகிறார்கள்.

சுங்கை பினாங்கில் ஒரு கிளை விழுந்தால் ஆறு கண்டுகொள்ளாது, அதே கிளை வீட்டு வாசல் கால்வாயில் விழுந்தால் தண்ணீர் தேங்கிவிடும். சிலிக்கான் நானோகம்பியும் அந்தக் கால்வாய் மாதிரி, மேலே நாலு புரதம் வந்து உட்கார்ந்தாலே அவற்றின் மின்னூட்டம் உள்ளே ஓடும் மின்சாரத்தை மாற்றிவிடும். அடிப்படையில் டிரான்சிஸ்டர்தான், பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்குப் புதுச் சங்கதி இல்லை.

அப்புறம் ஏன் இன்னும் கிளினிக்கில் காணோம்? ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் அந்த ட்ரோபோனினைவிட எடையில் ஏறக்குறைய 300 கோடி மடங்கு அதிகம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கூட்டத்தில் தம்பியைத் தேடுவதே இதைவிடச் சுலபம், அதுவும் அவனுக்காகப் பிடித்து வைத்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்துகொண்டே இருப்பார்கள். அதைவிடப் பெரிய தொல்லை உப்பு. ரத்தத்தின் உப்பு அயனிகள் எந்த மின்னூட்டத்தையும் ஒரு நானோமீட்டருக்குள் மறைத்துவிடும், புரதத்தைப் பிடிக்கக் கம்பிமேல் ஒட்டிய ஆன்டிபாடியோ பத்து நானோமீட்டர் உயரம். அதன் உச்சியில் புரதம் வந்து உட்கார்ந்தாலும் கீழே கம்பிக்குச் சேதி எட்டாது!

ஆன்டிபாடிக்குப் பதில் அப்டாமர் என்ற குட்டை டி.என்.ஏ. இழையை ஒட்டிப் பார்க்கிறார்கள், அல்லது ரத்தத்தின் உப்பை முதலில் நீக்கிவிட்டு அளக்கிறார்கள். உப்பை நீக்குவது தனி வேலை, ஒரு சொட்டு விட்டுவிட்டு மாமா மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும் வசதி அதில் போய்விடுகிறது.