குடியரசுத் தலைவரின் கடிதங்களும் உங்கள் மனுவும்

தகவல் அறியும் உரிமை மேல்முறையீடுகளுக்காக என்னிடம் வருகிறவர்கள் பலரின் கையில் ஒரே மாதிரியான பதில் இருக்கும்: அமைச்சரவை ரகசியம், தர இயலாது.

அந்தப் பதிலுக்குச் சட்டத்தில் ஆதாரம் உண்டு. அமைச்சரவை குடியரசுத் தலைவருக்கு என்ன ஆலோசனை வழங்கியது என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 74(2)-ஆவது பிரிவு. ஆளுநர் விஷயத்தில் 163(3). இதன் வீச்சு லேசானதல்ல. 2002 குஜராத் கலவரத்தின்போது குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனுக்கும் பிரதமர் வாஜ்பாய்க்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தை ஒருவர் கேட்டார். அவற்றைத் தன் பார்வைக்கு அனுப்புமாறு மத்திய தகவல் ஆணையம் 2006-இல் உத்தரவிட்டது. அரசு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது; 2012-இல் உத்தரவு ரத்தானது. குடியரசுத் தலைவர் எழுதிய கடிதமும் அமைச்சரவை ஆலோசனையின் பாதுகாப்புக்குள் வந்துவிட்டது. எனக்கு இதில் இன்றுவரை உடன்பாடில்லை.

ஆனால் ஆலோசனை வேறு, அதற்கு அடிப்படையான ஆவணங்கள் வேறு. அந்த ஆவணங்களை நீதிமன்றம் கேட்டுப் பார்க்கலாம் என்று 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவும் இதே தடத்தில்தான் போகிறது: முடிவெடுத்து விஷயம் நிறைவுற்ற பிறகு, அந்த முடிவையும் காரணங்களையும் அடிப்படை ஆவணங்களையும் வெளியிட வேண்டும், அதே பிரிவின் வேறு விலக்குகள் குறுக்கிடாவிட்டால். ஆகவே அமைச்சர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்டு மனுவை வீணாக்காதீர்கள். அரசாணை எண், தேதி குறிப்பிட்டு இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மறுத்தால் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு.

நீதிமன்றம் நின்றுவிடும் இடத்தில் அரசியல் வேலை செய்யும். பிகாரில் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவரும் பரிந்துரையை 1998-இல் நாராயணன் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். 1999 பிப்ரவரியில் அது மீண்டும் வந்தபோது கையெழுத்திட்டார். ஆனால் அத்தகைய பிரகடனத்துக்கு இரண்டு மாதங்களுக்குள் இரு அவைகளின் ஒப்புதலும் வேண்டும். மக்களவை ஒப்புக்கொண்டது; மாநிலங்களவையில் ஆளும் கூட்டணிக்குப் பெரும்பான்மை இல்லை. மார்ச்சில் அரசே பிரகடனத்தைத் திரும்பப் பெற, ராப்ரி தேவி மறுபடி முதலமைச்சரானார்.