எக்ஸ்ரே நார்மல் என்றால் பித்தக்குழாயும் நார்மலா?

குளிர்காய்ச்சல், மஞ்சள் காமாலை, வலது மேல்வயிற்றில் வலி. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுபோகும் பித்தக்குழாயில் தொற்று வந்தால் தெரியும் இந்த மூன்று அறிகுறிகளையும் 1877இலேயே பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ சொல்லிவிட்டார். இவற்றோடு வருபவர்கள் சிலர் கையில் வயிற்று எக்ஸ்ரே ஒன்றும் இருக்கும். "படத்துல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க சார்" என்பார்கள்.

ஒன்றும் தெரியாதுதான். பித்தக்குழாயும் அதில் ஓடும் பித்தநீரும் சாதாரண எக்ஸ்ரேயில் தனியாகத் தெரிவதில்லை. குழாயை அடைத்துத் தொற்றுக்கு வழிவிடும் பித்தக்கற்களிலும் கால்சியம் நிறைய உள்ளவைதான் தெரியும். அவை நூற்றுக்கு 10 முதல் 20 வரை இருந்தால் அதிகம்.

அப்புறம் எதற்கு எடுக்கிறோம்? வேறு நோய் இல்லையென்று உறுதிசெய்ய. வலது நுரையீரலின் அடியில் நிமோனியா வந்தாலும் மேல்வயிறு வலிக்கலாம். குடலில் ஓட்டை விழுந்திருந்தால், நிற்கவைத்து எடுத்த படத்தில் உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கீழே காற்று தெரியும்.

பித்தக்குழாய் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க முதலில் அல்ட்ராசவுண்ட்தான். ஆனால் குழாயின் கீழ்முனையைக் குடல்காற்று மறைத்துவிடும். கல் சிக்குவதும் பெரும்பாலும் அங்கேதான். அதனால் ஸ்கேன் நார்மல் என்றாலும் சந்தேகம் இருந்தால் சிடி அல்லது எம்ஆர்சிபி (பித்தக்குழாயைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்) கேட்போம்.

எக்ஸ்ரே உண்மையில் கைகொடுப்பது இஆர்சிபி செய்யும்போது. வாய்வழியாக எண்டோஸ்கோப்பைச் சிறுகுடல்வரை இறக்கி, பித்தக்குழாய்க்குள் மெல்லிய டியூபை நுழைத்துச் சாயமருந்து செலுத்துவோம். எக்ஸ்ரே திரையில் குழாய் கிளைகிளையாகத் தெரியும். கல் இருக்கும் இடத்தில் மட்டும் சாயம் ஏறாது. 1968இல் தொடங்கிய முறை இது. 1974 முதல் குழாயின் வாயைக் கீறிக் கல்லையும் எடுக்கிறார்கள். கணையம் வீங்கும் ஆபத்து உண்டு என்பதால், வெறும் பரிசோதனைக்காக இப்போது இதைச் செய்வதில்லை.

தொற்று இருக்கும்போது இதில் தனிக் கவனம் வேண்டும். முதலில் சீழ் கலந்த பித்தநீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, சாயத்தைக் கொஞ்சமாகத்தான் விடுவோம். அழுத்திச் செலுத்தினால் கிருமிகள் ரத்தத்தில் ஏறிவிடும். அழகான படம் வேண்டும் என்கிற ஆசையை மருத்துவர் அடக்கிக்கொள்ள வேண்டிய இடம் இது. நோயாளி மோசமாக இருந்தால் அன்று ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்துப் பித்தநீரை வடியவிட்டாலே போதும், கல்லை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

வயதானவர்களுக்கு மூன்று அறிகுறிகளும் சேர்ந்து வராமலும் போகலாம். பேச்சில் குழப்பம் வந்தாலோ ரத்த அழுத்தம் இறங்கினாலோ உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்க்கும் நேரம் இல்லை அது.

பிளாஸ்டிக் ஸ்டென்ட் சுமார் 3 மாதம்தான் தாங்கும். மறந்துவிட்டால் அடைத்துக்கொண்டு மறுபடி தொற்று வரும். ஸ்டென்ட் உள்ளேயே இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பதை ஒரு சாதாரண எக்ஸ்ரே காட்டிவிடும். டிஸ்சார்ஜ் ஆகும்போது, அதை எடுக்க வேண்டிய தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.