பாங்காக்கின் கட்டடக் காட்டில் ஒரு கால்பந்து ஆட்டம்

பாங்காக்கில் சில மாதங்கள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: “தங்கியிருந்த அறையில் கேபிளும் இல்லை, டிஷ்ஷும் இல்லை. ஜன்னலோரத்தில் முழ நீள ஆன்டெனா ஒன்றுதான். சுற்றிலும் வானுயர்ந்த கட்டடங்கள். ஆனாலும் 24-ஆம் எண்ணில் ட்ரூ ஃபோர் யூ சேனலின் கால்பந்து ஆட்டம் பளிங்குபோலத் தெரிந்தது. எப்படி?”

ட்ரூ ஃபோர் யூ, பொழுதுபோக்கும் விளையாட்டும் தரும் தாய்மொழிச் சேனல். ‘தாய்’ என்பது இங்கே தாய்லாந்தின் மொழி. அந்நாட்டு ஒலிபரப்பு ஆணையம் 2013 டிசம்பரில் 24 வணிகச் சேனல்களுக்கான உரிமங்களை ஏலம் விட்டது. 2014-இல் டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கியது. செட்டாப் பாக்ஸ் வாங்க வீடுகளுக்கு 690 பாட் மதிப்புள்ள கூப்பன் வழங்கினார்கள். 24 என்பது அதிர்வெண் அல்ல, சேனலின் பெயர்ப்பலகை மட்டுமே. படத்தைச் சுருக்கி, பல சேனல்களை ஒரே கட்டாக்கி, 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைவரிசையில் அனுப்புகிறார்கள். இதுவரை பலரும் அறிந்ததே. வாசகரின் கேள்விக்கு விடை இதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

பழைய தொலைக்காட்சியில் ஓர் உருவத்தின் பக்கத்திலேயே அதன் மங்கலான நிழலும் தெரியும். கோபுரத்திலிருந்து நேராக வந்த அலையோடு, கட்டடத்தில் பட்டுத் திரும்பிய அலையும் சற்றுத் தாமதமாக வந்து சேர்வதுதான் காரணம். தாய்லாந்திலும் இருந்த ‘பால்’ (PAL) என்ற பழைய ஒளிபரப்பு முறையில், திரையின் ஒரு கோட்டை வரைய ஏறத்தாழ 52 மைக்ரோ நொடி ஆகும். திரும்பிய அலை 300 மீட்டர் கூடுதலாகப் பயணித்தால் 1 மைக்ரோ நொடி தாமதம். திரை 52 சென்டிமீட்டர் அகலம் என்றால் நிழல் சரியாக 1 சென்டிமீட்டர் வலப்பக்கம் விழும்! நிழலின் தூரத்தை அளந்தே கட்டடம் எவ்வளவு பாதையைக் கூட்டியது என்று கணக்கிட்டுவிடலாம்.

டிஜிட்டலில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையாக வேண்டும். 8 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு ஏறத்தாழ 70 லட்சம் குறிகளை, அதாவது தகவலைச் சுமக்கும் சிறு அலைத்துண்டுகளை, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால், 1 மைக்ரோ நொடி எதிரொலி ஏழு குறிகள்மேல் ஏறி அமர்ந்து குழப்பும். கல் மண்டபத்தில் வேகமாகப் பேசுகிறவரின் சொற்கள் ஒன்றோடொன்று மோதுவதைப் போல. அங்கே நிறுத்தி நிதானமாகப் பேசினால் புரியும். ஆனால் கால்பந்து ஆட்டத்தை நிதானமாக அனுப்ப முடியாதே!

ஒருவர் வேகமாகப் பேசுவதற்குப் பதில், ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு சுருதியில் மெதுவாகப் பேசினால்? தாய்லாந்து பின்பற்றும் டிவிபி-டி2 (DVB-T2) என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறை செய்வது இதைத்தான். அது அனுமதிக்கும் அமைப்புகளில் ஒன்றில் 13,000-க்கும் மேற்பட்ட ஊர்தி அலைகள் தகவலைப் பங்கிட்டுச் சுமக்கின்றன. ஒவ்வொரு குறியும் 1792 மைக்ரோ நொடி நீள்கிறது. அந்த நேரத்துக்குள் ஒவ்வோர் அலையும் முழு எண்ணிக்கையில் அலைந்து முடிக்கும்படி அதிர்வெண்களைத் தேர்ந்திருப்பதால், ஒன்றை இன்னொன்றிலிருந்து கணிதம் சுத்தமாகப் பிரித்துவிடும்.

இனி வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். குறியின் வால்பகுதியை நகலெடுத்து, அதன் தலைக்கு முன்னால் ஒட்டி அனுப்புகிறார்கள். பெட்டி, முன்னால் வரும் அந்தத் துண்டைக் கேட்காமல் விட்டுவிடுகிறது. முந்தைய குறியின் எதிரொலிகள் எல்லாம் அந்தத் துண்டுக்குள்ளேயே அடங்கிப்போகின்றன. அப்படியானால் வெறும் மௌனத்தை வைத்தால் போதாதா? போதாது. தாமதமாக வரும் அலையின் முன்பகுதி காலியாக இருக்கும். முழு அலைகளின் கணக்கு உடைந்துவிடும். வாலைத் தலையோடு சேர்த்தாலோ, குறி கட்டி முடித்த மாலைபோல ஆகிவிடுகிறது. எந்தப் பூவிலிருந்து எண்ணத் தொடங்கினாலும் ஒரு சுற்றில் எல்லாப் பூக்களும் வந்துவிடும் அல்லவா? தாமதமாக வந்த அலையும் அதே மாலைதான், கொஞ்சம் சுழன்றிருக்கிறது. அந்தச் சுழற்சியைப் பெட்டி அளந்து சரிசெய்துகொள்கிறது. நகலின் நீளம் குறியில் பதினாறில் ஒரு பங்கு என்றால் 112 மைக்ரோ நொடி. அதாவது 33 கிலோமீட்டர் சுற்றிவந்த எதிரொலியையும் தாங்கும்.

பல ஊர்தி அலைகளை இப்படி நெருக்கமாக அடுக்கும் கணிதத்தை பெல் ஆய்வகத்தின் ராபர்ட் சாங் 1966-இல் வெளியிட்டார். வாலை ஒட்டும் யோசனையை பெலட், ரூயிஸ் இருவரும் 1980-இல் முன்வைத்தார்கள். அன்று இவற்றை வீட்டுப் பெட்டிக்குள் அடக்கும் சில்லு கிடையாது. மூன்று ஆண்டுகளில் என்ன பலன் என்று கேட்டுத்தான் ஆய்வுக்குப் பணம் தருவோம் என்பவர்களை இந்த வரலாற்றின் முன் நிறுத்த வேண்டும். பலன் தெரியாத கணிதத்துக்கும் அரசுகள் தாராளமாகச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகர் ஒன்றைச் சொல்லவில்லை: அவருடைய ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்தது? பாங்காக்கின் டிஜிட்டல் ஒளிபரப்பு, 300 மீட்டருக்கு மேல் உயரமுள்ள பையோக் 2 கோபுரத்தின் உச்சியிலிருந்து வருகிறது. ஜன்னல் அந்தக் கோபுரத்துக்கு முதுகைக் காட்டியிருந்தால், அவர் பார்த்த ஆட்டம் எதிர்க் கட்டடத்தின் சுவரில் பட்டுத் திரும்பிய அலையில் வந்ததாகவே இருக்கலாம்.