கடையில் ஒத்த நிறம் குளக்கட்டில் பிரிந்தது ஏன்?

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நிச்சயதார்த்தப் படங்களுக்காக மயில் நீலப் பட்டுச் சேலையையும், மாப்பிள்ளைக்கு அதே நீலத்தில் ஒரு பருத்திச் சேர்ட்டையும் புடவைக்கடையில் அருகருகே விரித்துப் பார்த்தே வாங்கினார்களாம். இரணைமடுக் குளக்கட்டில் மாலை 5.30 மணிக்கு எடுத்த படங்களிலோ சேலை நீலமாகவே நிற்க, சேர்ட் மட்டும் கத்தரிப்பூ நிறத்துக்குச் சாய்ந்துவிட்டது. சாயம் மட்டமா, கமரா பழுதா என்று கேட்பவர், உறவினர் ஒருவர் இதைச் சகுனத்தடை என்று சொன்னதையும் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

சாயத்திலும் பிழையில்லை, கமராவிலும் பிழையில்லை. வெயிலில் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீற்றர் வரையான அலைநீளங்கள் கலந்து வருவதும், சாயம் அவற்றுள் சிலவற்றை உறிஞ்சி எஞ்சியவற்றைத் தெறிக்கவிடுவதும் பாடசாலையில் படித்தவைதான். எனக்கு எப்போதும் வியப்பளிப்பது அதற்கு அடுத்த படி. தெறித்து வரும் அத்தனை அலைநீளங்களையும் விழித்திரையிலுள்ள மூன்று வகைக் கூம்புக் கலங்கள் மூன்றே அளவுகளாகச் சுருக்கிவிடுகின்றன. தன்மீது விழுந்த ஒளி எந்த அலைநீளத்தில் வந்தது என்பதைத் தனியொரு கூம்புக் கலத்தால் சொல்ல முடியாது. மொத்தத்தில் தான் எவ்வளவு தூண்டப்பட்டது என்பதை மட்டுமே அது மூளைக்கு அறிவிக்கும்.

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதைக் குளத்தைக் கொண்டே விளக்கலாம். வெவ்வேறு காடுகளிலிருந்து நீரைப் பெறும் இரண்டு குளங்கள், இந்த ஆண்டு மழை பெய்த விதத்தால் ஒரே மட்டத்துக்கு நிரம்பியிருக்கலாம். அளவுகோலை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் அடுத்த மாரியில் மழை வேறு பக்கமாகப் பெய்தால், ஒரு குளம் வான்பாய, மற்றது பாதியில் நின்றுவிடும். இங்கே மழை என்பது ஒளி, நீரேந்து காடு என்பது சாயம், நீர்மட்டம் என்பது கண் உணரும் அளவு. பட்டும் பருத்தியும் பெரும்பாலும் வெவ்வேறு வகைச் சாயங்களை ஏற்பவை என்பதால், ஒரே நீலமாகத் தோன்றும் இரண்டு துணிகள் நிறமாலையில், அதாவது எந்த அலைநீளத்தை எவ்வளவு தெறிக்கவிடுகின்றன என்பதில், முற்றிலும் வேறுபட்டிருக்க முடியும். ஓர் ஒளியில் ஒத்து மற்றோர் ஒளியில் பிரியும் இந்த இயல்புக்கு மெட்டாமெரிசம் என்று பெயர்.

கடையின் வெள்ளை எல்ஈடி விளக்கு உண்மையில் ஒரு நீல விளக்கு. 450 நானோமீற்றர் அளவில் ஒளிரும் நீலச் சில்லின் மேல் பூசப்பட்ட மஞ்சள் ஒளிர்பொருள், அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகின்றன. அந்த ஒளியில் 480 நானோமீற்றர் அளவில் ஒரு பள்ளமும், 650க்கு அப்பாலுள்ள கடுஞ்சிவப்பில் பெரும் வறட்சியும் உண்டு. பழைய இறுவட்டொன்றை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்தால், நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே மங்கிய அந்தப் பள்ளத்தை வீட்டிலேயே காணலாம். சேர்ட்டின் சாயம் கடுஞ்சிவப்பைத் தாராளமாகத் தெறிக்கவிடும் வகையாக இருந்திருக்க வேண்டும். கடைக்குள் அந்தச் சிவப்பு மிகக் குறைவென்பதால் அந்தக் குணம் வெளிப்படவில்லை. மாலை வெயிலில் நீலம் சிதறிக் குறைந்து சிவப்பு ஓங்கியபோது, நீலத்தோடு சிவப்பும் சேர்ந்து கத்தரிப்பூவாகிவிட்டது. இதில் சகுனத்துக்கு இடமேயில்லை. மகிழ்ந்திருக்க வேண்டிய ஒரு பெண்ணின் மனத்தில் அச்சத்தை விதைக்கும் அந்தச் சொல்லை நான் வன்மையாக மறுக்கிறேன். நமது பாடசாலை ஆய்வுகூடங்கள் ஒவ்வொன்றிலும் கையடக்க நிறமாலைமானி ஒன்றாவது இருந்தால், இத்தகைய கேள்விகளுக்கு மாணவர்களே அளந்து விடை சொல்வார்கள். அதற்குச் செலவிடும் பணம் வீண்போகாது.

கமராவும் தன் பங்குக்கு வேறுபாட்டைக் கூட்டக்கூடும். 1976இல் கொடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, கமராவின் ஒளியுணரியில் நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என வடிகட்டிகள் அமைகின்றன. அவை கூம்புக் கலங்களின் சரியான நகல்கள் அல்ல. படம் முழுவதன் நிறச்சாய்வையும் சரிசெய்யும் வெண்சமநிலையைத் திருத்தியும் பயனில்லை, ஏனெனில் சேர்ட்டை நீலமாக்கப் போனால் முகங்களும் நீலம் பாரிக்கும்.

வெள்ளை வேட்டிக்கும் இதே எச்சரிக்கை உண்டு. வெளுப்பூட்டி சேர்ந்த துணி புறவூதாக் கதிரை உறிஞ்சி நீலமாக ஒளிர்வது. அந்தக் கதிர் அநேகமாக இல்லாத கடைவிளக்கின் கீழே சந்தன நிறச் சால்வையோடு இசைந்த வேட்டி, வெயிலில் அதனைப் பழுப்பாகக் காட்டிவிடும்.

ஆகவே, நிறம் ஒன்றியே தீரவேண்டுமென்றால், ஒரே துணிச்சுருளிலிருந்து சேலைக்குப் பிளவுஸும் மாப்பிள்ளைக்குச் சேர்ட்டும் தைப்பிப்பது பாதுகாப்பானது; சாயம் ஒன்றென்பதால் எந்த ஒளியிலும் இரண்டும் சேர்ந்தே மாறும். அது இயலாவிட்டால், சேலை நீலமாயிருக்கச் சேர்ட்டைச் சந்தன நிறத்தில் எடுக்கலாம், ஏனெனில் வேறாகவே இருக்கும் நிறங்கள் சற்று நகர்ந்தாலும் கண்ணுக்கு உறுத்தாது. வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்டு, இரண்டு துணிகளையும் வாசலுக்குக் கொண்டுபோய், படம் எடுக்கவிருக்கும் அதே மாலை நேரத்து வெயிலில் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்துக் கைத்தொலைபேசியிலும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.